மொட்டைமாடியில் ஓர் எட்டு

ஒரு மலைத்தொடரையே முனையிலிருந்து முனைவரை நடந்தே முடித்தவனுக்குப் பூமியில் இனி நடக்க இடம் மிச்சமில்லை என்று, வீடு திரும்பிய அன்றே அறிவித்தான் வழுதி. மொட்டைமாடியில் சுண்ணாம்பால் எட்டுப் போட்டு, சர்க்கரைக்காக அதன்மேலேயே வெறுங்காலோடு சுற்றிக்கொண்டிருந்த கீழ்வீட்டு ஜெயசீலனிடம், "ஊர் வந்துருச்சா சார்?" என்று விசாரித்தான்.

"பாதி வழிதான் தம்பி," என்றார் அவர்.

உட்கார்ந்தே தீர்வது என்று வழுதி நாற்காலியில் அமர்ந்தான். கால்கள் மேசைக்கடியில் நடந்தன. படுத்தான், போர்வைக்குள் நடந்தன. நாலு நாளாகத் தூக்கமில்லை.

"திங்கக்கிழமை ஆபீஸ் போகணும்டா. அந்தக் காலைக் கழட்டி வெளியில வெச்சிட்டாவது தூங்கு," என்றாள் அக்கா.

விடிந்ததும் மாடியேறிச் செருப்பைக் கழற்றினான்.

"எதிர்ல வராதீங்க தம்பி, முட்டிக்குவோம்," என்றார் ஜெயசீலன், நடையை நிறுத்தாமல்.

எட்டின் நடுவை அவர் தாண்டும்வரை காத்து நின்றுவிட்டு, வழுதி பின்னாலேயே நடக்கத் தொடங்கினான்.