பெயர் தெரியாத ஏழாம் நம்பர்

"அந்தப் படத்தைக் கழட்டிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஏணி மேல் நின்ற நூலகர் திரும்பிப் பார்த்தாள். அறுபது தாண்டிய ஓர் அம்மா. வேகமாக வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கண்காட்சி பதினோரு மணிக்குத்தாம்மா. இப்ப உள்ள வரக் கூடாது."

"தெரியும். அதுக்குள்ள கழட்டிடு."

நூலகருக்குச் சுருக்கென்றது. கண்டத்தின் பெண்கள் கால்பந்துக் கோப்பை தொடங்கி நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. அந்த வரலாற்றைத் திரட்டும் வேலையைக் கால்பந்துச் சங்கம் அவளிடம் ஒப்படைத்திருந்தது. மூன்று வருஷம் நாயாய் அலைந்தாள். முதல் கோப்பைக்கு மட்டும் சங்கத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பொம்பளை ஆட்டத்துக்குப் பதிவேடு ஒரு கேடா என்று விட்டிருந்தார்கள்.

கடைசியில், மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பரணில் அகப்பட்டது இந்த ஒரே படம். ஏழாம் நம்பர் போட்ட பெண் அந்தரத்தில் எகிறிப் பந்தை உதைக்கிறாள்.

"இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் காலத்துப் பத்திரிகையில 'பம்பரம்'னு எழுதியிருக்காங்க. நிஜப் பேர் ஒருத்தருக்கும் தெரியலை."

அந்த அம்மா படத்தின் கீழிருந்த அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"அரையிறுதி, இரண்டாவது கோல்னு போட்டிருக்கே. தப்பு. இது முதல் கோல். ரெண்டாவது தலையால முட்டினது. அப்ப போட்டோக்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு."

நூலகர் மெதுவாக ஏணியிலிருந்து இறங்கினாள்.

"பாதிக்கு முப்பது நிமிஷம்தான் குடுத்தாங்க. பொண்ணுங்க தாங்க மாட்டாங்களாம். ஷூவெல்லாம் ஆம்பளைங்க போட்டுக் கழிச்சது. நுனியில துணியை அடைச்சுக்கிட்டு ஓடினோம்."

"அம்மா... நீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நூலகருக்குக் கை கால் ஓடவில்லை. "உக்காருங்கம்மா! இன்னிக்கு மேடையில உங்களைத்தான்..."

"அய்யோ, வேண்டாம்! படத்தைக் கழட்டு, போதும். வீட்டுக்காரருக்குப் பிடிக்காது."

"இத்தனை வருஷத்துக்கு அப்புறமா?"

"பொண்ணு பார்க்க வந்தப்பவே சொல்லிட்டாரு, இதெல்லாம் தலைமுழுகிட்டுத்தான் வரணும்னு. பேப்பர்ல வந்ததையெல்லாம் அவர் கையாலயே எரிச்சாரு. என் பிள்ளைங்களுக்கே தெரியாது."

நூலகருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"அவர் எரிச்சாரு சரி. நீங்களும் ஏன் துணை போறீங்க? உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டவங்களாலதான் எங்க வரலாறே பாதி வெள்ளைக் காகிதமா இருக்கு!"

"திட்டு, பரவாயில்லை. ஆனா இது அவர் கண்ணுல பட்டா கிழிச்சிடுவாரு. உன் பீரோவுல இருந்தா, நான் செத்த பிறகாவது யாராச்சும் பார்ப்பாங்க."

"சங்கத்துப் படத்தை வெளியாள் எப்படிம்மா கிழிக்க முடியும்?"

அந்த அம்மா படத்துப் பெண்ணின் முகத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு, தானே ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி நூலகரின் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

'சரியான பயந்தாங்கொள்ளி' என்று முணுமுணுத்தபடி நூலகர் பீரோவைப் பூட்டினாள்.

பதினோரு மணிக்கு வாசலில் கூட்டம் நெரிந்தது. போன மாதம் பொறுப்பேற்ற சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தியபடி அருகில் நின்றாள் நூலகர்.

"முதல் கோப்பையில பம்பரம்னு ஒரு பொண்ணு ஆடினாங்களாம்," என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "அப்புறம் என்ன ஆனாங்க? எந்த வீட்டு அடுப்படியில அந்தத் திறமையைப் பூட்டி வெச்சாங்களோ! ஆம்பளைங்க நாம வெட்கப்படணும்!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. நூலகருக்கே கண் கலங்கியது. இப்படிப்பட்டவர் புருஷனாக வாய்த்திருந்தால் அந்த அம்மா இந்நேரம் மேடையில் இருந்திருப்பாரே என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, என் மனைவி ரிப்பன் வெட்டுவாங்க. எந்த விழாவுக்கும் வராதவங்க, இன்னிக்கு என்னமோ எனக்கு முந்தியே வந்து உக்காந்துட்டாங்க. பாவம், பந்து உருண்டையா சதுரமான்னுகூட அவங்களுக்குத் தெரியாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபடியே முன்வரிசையிலிருந்து எழுந்து வந்த அந்த அம்மா, நூலகரின் முகத்தைப் பார்க்காமல் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.