தேதி மாற்றும் டீச்சர்

"ஒண்ணு, இந்த டீச்சரம்மா இருக்கணும். இல்ல, எங்க பசங்க இருக்கணும். ரெண்டுல எதுன்னு இப்பவே சொல்லுங்க சார்!"

அப்பாதுரை போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டர் ஆதிகேசவன் மைக்கூட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார். அப்பாதுரைக்குப் பக்கத்துப் பேட்டையான அடுகோடியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. அவருக்குப் பின்னால், நாலாங்கிளாஸ் பிள்ளைகளைப் பெற்ற நீலசந்திரா பேட்டை ஜனம் வாசல் கொள்ளாமல் நின்றது.

"என்னப்பா குத்தம்? ஸ்வல்ப மெதுவா சொல்லு."

"திங்கக்கிழமை கணக்குப் பரீட்சைம்பாங்க. புள்ளைங்க உருப்போட்டுக்கிட்டு வந்து நின்னா, அடுத்த வாரம்பாங்க. நேத்து என்னடான்னா, அடுத்த வாரம் வைக்க வேண்டியதை, 'எடு சிலேட்டை, இப்பவே எழுது'ன்னுட்டாங்க. வெள்ளைக்காரன் போயி பத்து வருசம் ஆச்சு சார். இன்னும் இவங்க நெனச்சதுதான் சட்டமா?"

"ஆமா சார். என் பையன் படிக்கிறதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போட்டா மறந்துபூடுது" என்றாள் லட்சுமம்மா. அவள் பையனுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே மறந்துவிடும். அது வேறு கதை.

ஹெட்மாஸ்டர் திரும்பினார். பியாட்ரிஸ் டீச்சர் கையில் சாக்பீஸோடு ஓரமாக நின்றிருந்தார்.

"நிஜமாம்மா?"

"நிஜம்தான் சார்."

"ஏன் மாத்தறீங்க?"

டீச்சர் ஒரு நொடி அப்பாதுரையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"சொல்றதுக்கில்ல சார்."

"கேட்டீங்களா! சொல்றதுக்கில்லையாம்! இன்னா திமிரு பாருங்க!"

"காரணம் சொல்லலைன்னா, வகுப்பை வேற வாத்தியார்கிட்ட குடுக்க வேண்டி வரும்மா. முழுப் பரீட்சை வேற கிட்ட வந்தாச்சு."

"குடுங்க சார். முழுப் பரீட்சைத் தேதியை மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கச் சொல்லுங்க. அது போதும்."

வந்திருந்த ஜனம் கொல்லென்று சிரித்தது. இவ்வளவு பட்டும் இந்தம்மாவுக்குத் தேதிப் பைத்தியம் விடவில்லையே!

அப்பாதுரை மகா குஷியாக வீட்டுக்கு வந்தார். மனைவி சின்னத்தாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகள் காந்தா முகம் சிவந்து போர்வைக்குள் கிடந்தாள்.

"வந்துடுச்சா?"

"நேத்தே வாயெல்லாம் புண்ணு. காலையில நீ போனதும் உடம்பு கொதிக்க ஆரம்பிச்சது."

மாசா மாசம் வருகிற காய்ச்சல் அது. முதலில் வாய்ப்புண் வரும், மறுநாள் உடம்பு கொதிக்கும், அப்புறம் வந்த மாதிரியே போய்விடும். மலேரியா என்று கொய்னா மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு வாய் கசந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு பெரிய டாக்டர், "இது வம்சத்துல வர்றது, வயசானா குறையும்" என்று சொல்லிவிட்டார். அப்பாதுரைக்கும் சின்ன வயதில் இதேதான், அவருடைய அப்பாவுக்கும் இதேதான். பரம்பரைச் சொத்து என்று அவருக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அதுவும் வருஷா வருஷம் பரீட்சையன்று பார்த்து வந்து படுக்கப் போட்டு, மூணாங்கிளாஸோடு அவர் படிப்புக்கு முழுக்குப் போட்டது.

"ஆனா நம்ம அம்மன் கண்ணைத் தொறந்துட்டா சின்னத்தாயி. இந்த வகுப்புக்கு வந்ததுலேர்ந்து, ஒரு பரீட்சை அன்னைக்காவது இவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கா? இப்பக்கூட பாரு, நேத்துதான் பரீட்சை முடிஞ்சுது, இன்னைக்கு வருது! என் பொண்ணு பெரிய படிப்பு படிக்கப் போறா. அதுக்குக் குறுக்கே நின்ன அந்த டீச்சரம்மாவையும் இன்னைக்கு வகுப்பை விட்டே தூக்கிட்டோம்!"

சின்னத்தாயி கிண்டுவதை நிறுத்தினாள்.

"யாரை? பியாட்ரிஸ் டீச்சரையா? அட பாவி மனுசா!"

"ஏன், இன்னாத்துக்கு இப்படிக் கத்தறே?"

"எந்த அம்மன்யா கண்ணைத் தொறந்தா? மத்தியானம் இவ சோத்தைத் தொடாம டப்பாவை மூடினா, கூப்பிட்டு வாயைத் தொறக்கச் சொல்லிப் பார்க்கிறது அந்தம்மாதான். புண்ணு தெரிஞ்சா, அன்னைக்கே பரீட்சை. இவ படுத்துட்டா, எழுந்து வர்ற வரைக்கும் பரீட்சையே கிடையாது. காந்தாதான் வந்து சொன்னா. உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

அப்பாதுரை அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட, அழுகையாக வந்தது.

"அப்ப வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? அத்தினி பேர் எதிர்ல கத்தினேனே நானு!"

"எப்படிய்யா சொல்லுவாங்க? 'வம்சத்துக் காய்ச்சல்னு தெரிஞ்சா என் பொண்ணை எவனும் கட்ட மாட்டான், வெளிய மூச்சு விடாதீங்க'ன்னு, இதே காந்தா தலைமேல அவங்க கையை வச்சு சத்தியம் வாங்கினது யாரு? நீதானே!"

அப்பாதுரை எழுந்தார். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். ஸ்கூலிலிருந்து திரும்பிய கும்பல் இன்னும் குழாயடியில் நின்று டீச்சரைத்தான் மென்றுகொண்டிருந்தது.

"எல்லாரும் கிளம்புங்க ஸ்கூலுக்கு! டீச்சர் மேல தப்பே இல்ல. அவங்க தேதி மாத்தினது என் பொண்ணுக்காக. அவளுக்கு மாசா மாசம் காய்ச்சல் வரும். எங்க வம்சத்துக் காய்ச்சல். எனக்கும் இருந்துது, எங்கப்பனுக்கும் இருந்துது!"

லட்சுமம்மா பதறிப்போய்க் குடத்தை இறக்கினாள். "அய்யய்யோ, மெதுவா பேசுய்யா! நாலு பேர் காதுல விழுந்தா, நாளைக்கு உன் பொண்ணை எவன் கட்டுவான்?"

"கட்டறவன் கட்டட்டும் லட்சுமம்மா. மொதல்ல என் பொண்ணு பரீட்சை எழுதட்டும்!"