ஏழாவது வரி

“அந்த லேப்டாப்பை எங்கயாவது ஒளிச்சு வைங்கண்ணா. சோதனை அதிகாரி லிஃப்ட்ல ஏறிட்டாங்களாம்.”

பக்கத்து இருக்கைக்காரி பதறினாள். ஆமை அவசரப்படவில்லை. வெப்சைட் கட்டித் தரும் அந்த அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். மெதுவான ஆள் என்பதால் அல்ல. ஆமை ஓட்டைச் சுமப்பதுபோல ஒரு பழைய லேப்டாப்பைத் தினமும் முதுகில் சுமந்து வருவான்.

அதற்குள் இருந்தது, தயாரித்த கம்பெனியே ஒன்பது வருடங்களுக்கு முன் கைகழுவிவிட்ட ஒரு வெப் டிசைன் சாஃப்ட்வேர். கைகழுவிய மாதமே தலைமை அலுவலகமும் அதற்குத் தடை போட்டது. ஆமை இன்றுவரை எல்லா சைட்டையும் அதில்தான் கட்டுகிறான். புதிய சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பது அவன் கட்சி. பழையதில் கட்டம் வரைந்தால் கட்டம் வரும். என்ன, சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று செத்துப்போகும். வரிக்கு வரி இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டி சேவ் செய்தால் பிழைத்தோம்.

போன மாதம் இன்னொரு கிளையில் ஒருவன் இதே குற்றத்துக்கு மாட்டி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அதைக் கேட்டதிலிருந்து ஆமையின் மனைவி சாப்பாடு போடும்போதெல்லாம் ஒரே கேள்வியையும் சேர்த்துப் பரிமாறினாள். “நாப்பத்தேழு வயசுல உங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?”

அவனும் எச்சரிக்கையாகத்தான் இருந்தான். அந்த சாஃப்ட்வேர், தான் செய்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இருக்கும் புரோகிராம் கோடில், ஏழாவது வரியில் தன் பெயரை எழுதி வைத்துவிடும். அந்த வரியை அழிக்காமல் அவன் எந்தப் பக்கத்தையும் வெளியே விட்டதில்லை.

லேப்டாப்பை இழுப்பறையில், சாப்பாட்டுப் பைக்கு அடியில் தள்ளி மூடினான்.

சோதனை அதிகாரி உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. தலைமை அலுவலகத்தின் சைட்டைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர். தடைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தோளில் கனத்த பை. மேனேஜர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், அதிகாரி தரவில்லை. பழைய சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவர்கள் திருடனைக் கூப்பிட்டுக் கம்பெனிச் சாவியைக் கொடுப்பவர்கள் என்று எல்லோர் முன்னாலும் பேசினார். ஆமையும் பலமாகத் தலையாட்டினான்.

ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். கடைசியாக ஆமை.

அவன் கட்டிய பல் டாக்டரின் சைட் திரையில் இருந்தது. எத்தனை நாளில் முடித்தான் என்று கேட்டார். ஒன்றரை நாள் என்றான்.

“மத்தவங்களுக்கு அஞ்சு நாள் ஆகுது. உங்களுக்கு என்ன, நாலு கையா?”

“நான் டீ குடிக்கப் போறதில்ல மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வரி டைப் செய்தார், இரண்டு விரலால் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு வரி, இன்னொரு டொக்.

பிறகு அந்த சைட்டின் புரோகிராம் கோடைத் திறந்து, திரையை அவன் பக்கம் திருப்பினார்.

“ஆறாவது வரி இருக்கு. எட்டாவது இருக்கு. நடுவுல ஏன் காலியா கிடக்கு?”

அடுத்து, அவன் ஒரு பேக்கரிக்குக் கட்டிய சைட்டைத் திறந்தார். ஏழாவது வரி காலி. டிரைவிங் ஸ்கூல். அங்கேயும் காலி.

“அது... ஒரு அழகுக்காக விட்டது மேடம்.”

“கோடுல யாருங்க அழகு பாக்கறாங்க?”

இனி மழுப்பிப் பயனில்லை. முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்ததே பெரிது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டான்.

“வேலையை விட்டுத் தூக்கற லெட்டரை வீட்டுக்கு அனுப்பாதீங்க மேடம். என் பொண்டாட்டிகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். கனத்த பையைத் தூக்கி மேஜைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்தார். உள்ளே, ஆமையுடையதைவிடப் பழைய ஒரு லேப்டாப்.

“வரியை அழிச்சா மட்டும் போதாது தம்பி, காலி இடமும் போக பேக்ஸ்பேஸை இன்னொரு தட்டுத் தட்டணும்,” என்றார். “ஒம்பது வருஷமா நான் அப்படித்தான் செய்யறேன்.”