யாருக்கு இந்தச் சிகரெட்?

“மாமா, இந்த மாசமும் சிகரெட்டா?”

மாமனார் பாவ்தியன் கையிலிருந்த பாக்கெட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எழுபது வயதில் திருட்டு முழி வேறு.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா வாங்கினேன்.”

“பென்ஷன் வந்த அன்னிக்கு எதிர்வீட்டுல பன்றிக்கறி வாசம் ஊரைத் தூக்குது. நம்ம வீட்டுல அதே முட்டைக்கோசு, அதே நூடுல்ஸ். நாலு முட்டை வாங்கித் தின்னா என்ன? உங்க நுரையீரலைப் பத்தி டாக்டர் சொன்னது மறந்து போச்சா?”

அவர் பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நழுவினார்.

மருமகள் சுன்யானுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. ஷாங்காயில் கட்டட வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த மனுஷர் ஒருவர்தான். இவரும் போய்விட்டால்?

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவே இல்லை. சட்டையைத் துவைக்கும்போது மோந்து பார்த்தாள். புகை வாசமே இல்லை. இருமலும் இல்லை. பாக்கெட் மட்டும் மளமளவென்று காலியாகிறது. மனுஷர் சிகரெட்டை நூடுல்ஸில் போட்டா தின்கிறார்?

மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள்.

ஊர் முக்கில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்களிடம் ஆளுக்கொரு சிகரெட் நீட்டினார் மாமனார். தனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. கும்பிடாத குறையாகச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

குழப்பம் இன்னும் கூடியது. கூடவே கோபமும் வந்தது. அவர் தலை மறைந்ததும் சீட்டாடியவர்களில் ஒருவனான டிராக்டர் ஓட்டும் கெங்ஷெங்கிடம் நேரே போய் நின்றாள்.

“வெக்கமா இல்லையா அண்ணே? ஒரு வயசானவர் கறி முட்டை தின்ன வேண்டிய காசு. அதைப் போய் எல்லாருமா ஊதித் தள்ளுறீங்களே?”

கெங்ஷெங் பற்ற வைத்ததைக் கீழே போட்டு நசுக்கினான்.

“நாங்க கேக்கல தங்கச்சி. வேணாம்னு சொன்னாலும் மனுஷர் விடமாட்டேங்கிறாரு.”

“அப்ப எதுக்குத்தான் குடுக்கிறாரு?”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“நம்ம ஊர்ல ஒரு சாவு விழுந்தா, சவப்பெட்டி தூக்க ஆள் கூப்பிட மகன்தானே வீடு வீடாப் போய் மண்டி போட்டு சிகரெட் நீட்டணும்? அவருக்குத்தான் மகன் இல்லையே, அது உன் தலையிலதானே விழும்? ‘என் மருமக உங்க யார் வாசல்லயும் மண்டி போடக் கூடாது, என்னைத் தூக்குறதுக்கு நானே இப்பவே கூப்பிட்டு வச்சிடறேன்’னு சொல்றாரு.”