குழாய்க்குள் அடங்கிய கோல்

மழை மூட்டத்தில் ஜன்னலோர மேஜை மட்டும் வெளிறித் தெரிகிறது. கை நடுக்கம் வந்த பிறகு பழைய ஆட்டக்காரர் தன் பில்லியர்ட்ஸ் கோலை விற்றுவிட்டார். வாங்கியவருக்கு இன்று கூரியரில் போகிறது. இரண்டாகக் கழற்றிய கோலைக் காற்றுக்குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மனைவி பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்குகிறாள். இடைவெளியெல்லாம் பழைய துணியைத் திணிக்கிறாள். "கல்யாணம் முடிஞ்சு என்னைக்கூட இவ்வளவு பத்திரமா கூட்டிட்டு வரலை நீங்க." அவர் சிரிக்கவில்லை. மூடியை அழுத்திவிட்டுக் குழாயைக் காதருகே தூக்குகிறார். உள்ளே கோல் அசைந்தால் வழியில் நுனி சிதறிவிடும். கடகடவென்று மெல்லிய சத்தம். "உள்ள ஆடுது. பிரிச்சு இன்னும் துணி வை." அவள் பார்க்கிறாள். அவர் விரல் மோதிரம்தான் குழாயில் விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் பிரித்து, இடமே இல்லாத இடத்தில் இன்னொரு துணியைத் திணித்து மூடுகிறாள். அவர் மறுபடி தூக்குகிறார். அதே சத்தம். "கொடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க கேளுங்க," என்று வாங்கி, அவர் காதருகே பலமாக ஆட்டுகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் குழாயைப் பார்க்கிறார். பிறகு தன் கையைப் பார்க்கிறார். வெளியே மழை பிடிக்கத் தொடங்குகிறது. அவர் சொல்கிறார்: "டேப்பை நீயே ஒட்டிடும்மா."