கடைசிப் பெயருக்கு ஸ்கூட்டர்

தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் ஆண்டு விழா.

"வருஷா வருஷம் ஏ பி சி வரிசையில மொதப் பேருக்கே பரிசு போவுது. இந்தத் தடவ கடைசிப் பேருக்கு ஸ்கூட்டர்!" என்றார் முதலாளி ஜெயசித்ரா.

கம்ப்யூட்டர் பார்க்கும் சரிதா பட்டனைத் தட்டினாள். திரையில் வந்த பெயரை முதலாளியே மைக்கில் வாசித்தார். "முசே ஸாஸா!"

எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

"பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காரரு மேடம், அதான் மிஸ்டருக்குப் பதிலா முசே. தங்கமான மனுஷன். வண்டிய நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்," என்றார் சூப்பர்வைசர் பாவாடை.

"நேத்துகூட எங்க வூட்லதான் மீன்கொழம்பு சாப்ட்டாரு. எங்கிட்ட குடுங்க," என்றாள் பேக்கிங் தனக்கொடி.

சரிதா நெளிந்தாள். "மேடம், அப்படி ஒரு ஆளே இல்ல. கடைசிப் பேர சரியா எடுக்குதான்னு பாக்க நான்தான் இசட்ல சும்மா ஒரு பேரு அடிச்சேன். அழிக்க மறந்துட்டேன்."

பாவாடையும் தனக்கொடியும் கூரையைப் பார்த்தார்கள்.

"சும்மா இரு சரிதா! காலையில லேட்டா வந்தாருன்னு கேட்லயே நிக்க வச்சுத் திட்டினேன். தலைய ஆட்டிக்கிட்டு நின்னாரே!" என்றார் ஜெயசித்ரா.

கடைசி வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

"அது நான் மேடம், யுவராஜ். லிஸ்ட்ல நெசமான கடைசிப் பேரும் என்னுதுதான்."