தீவுச் சட்டசபையில் டீ நேரம்

மயிலாப்பூர் சமையலறையில் விடிந்தும் விடியாத வெளிச்சம். பிரிக்காத பால் பாக்கெட் ஷீலாவின் கையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. புளி டப்பாமேல் சாய்த்த போனில் தூரத்துக் குட்டித் தீவொன்றின் சட்டசபை நேரலையாக ஓடுகிறது. வகுப்பறை போன்ற கூடம், பத்துப் பன்னிரண்டு பேர், கடகடக்கும் மின்விசிறி. வெளிநாட்டு வேலைக்காரர்களைத் திருப்பி அனுப்புவதா என்று வாக்கெடுப்பு. அவள் கணவன் லாரன்ஸ் அங்கே ஓட்டல் சமையல்காரன். ஓட்டல் முதலாளிதான் மந்திரி. "யம்மா, நைனா கீறாரு பாரு!" என்கிறாள் மகள். ஓட்டலிலிருந்து சபைக்குக் கொண்டுவந்த டீத்தட்டோடு லாரன்ஸ் மேசைமேசையாகக் குனிகிறான். அனுப்பச் சொல்பவர்கள் கை தூக்குகிறார்கள். "மொதலாளி நம்ம பக்கம்டீ, தூக்க மாட்டாரு" என்கிறாள் ஷீலா. முதலாளி லாரன்ஸிடம் சிரித்து, ஒரு கையால் டீயை வாங்கிக்கொள்கிறார். இன்னொரு கையைத் தூக்குகிறார்.